திருச்சிப் பக்கம் ஒரு பெரிய புல்தரையும் அதற்கான ஜீரோ டர்ன் வண்டியும்

ஜீரோ டர்ன் என்பது மேலே உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வகைகளில் ஒன்று. இதற்குப் பெரும்பாலும் ஸ்டீயரிங் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் உண்டு. ஓட்டுபவரின் இரு கைகளுக்கும் எட்டும்படி உள்ள இரண்டு கைப்பிடிகள் அவற்றை இயக்குகின்றன. இரண்டையும் சமமாக முன்னே தள்ளினால் வண்டி நேரே போகும். ஒன்றை முன்னேயும் மற்றதைப் பின்னேயும் நகர்த்தினால் நின்ற இடத்திலேயே சுற்றும். முன்சக்கரங்கள் அலுவலக நாற்காலியின் சக்கரங்களைப் போலப் போகிற போக்கில் திரும்புபவை; வண்டியைத் திருப்பும் வேலை அவற்றுக்கு இல்லை. இது மனத்தில் நின்றால் போதும், இந்த வண்டி எங்கே நன்றாக ஓடும், எங்கே ஆபத்தாகும் என்பது பாதி விளங்கிவிடும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வாரன்ஸ்பர்க் என்ற ஊரில் மேக்ஸ் ஸ்விஷர் என்பவர் 1949இல் நின்ற இடத்தில் திரும்பும் புல்வெட்டியைச் செய்தார். இரட்டைக் கைப்பிடி வடிவம் 1960களில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரீகியர் என்பவர் வழியாக வந்தது. இரண்டுமே பரந்த சமவெளி ஊர்களில் பிறந்தவை. காவிரிக் கரைக்கு இதைக் கொண்டுவர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினின் குதிரைத்திறனை அல்ல, தன் நிலத்தை.

ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அங்கே புல்தரைப் பேச்சுக்கே இடமில்லை. பெரிய புல்தரை உள்ள வீடுகள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள தோப்புகளிலும், நகரத்துக்குத் தெற்கே செம்மண் பூமியில் எழும் பண்ணை வீடுகளிலும்தான் இருக்க முடியும். இந்த இரண்டு நிலமும் ஒன்றல்ல. ஸ்ரீரங்கம் தீவின் மண் ஆற்று வண்டல்; தண்ணீர் பாய்ந்த பின் மெத்தென்று இளகும். தெற்கே செம்மண்ணும் சரளையும். சில இடங்களில் பாறையே தலை நீட்டும்.

வண்டியைப் பற்றி யோசிக்கும் முன் தண்ணீர்க் கணக்கு ஒன்று உண்டு. வெயில் காலத்தில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு அன்றாடம் ஏறத்தாழ 20,000 லிட்டர் ஆகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள தீவில் இதற்கு வழி இருக்கலாம். தெற்கே ஒற்றை ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய வீட்டில் மே மாதம் இது நடக்காத காரியம். ஏக்கரில் பாதியை மரத்துக்கும் செடிக்கும் விட்டுவிட்டால் தண்ணீரும் மிஞ்சும், பெரிய வண்டியும் தேவைப்படாமல் போகலாம்.

நேரக் கணக்கும் அப்படித்தான். நடந்து தள்ளும் 21 அங்குல புல்வெட்டி, மணிக்கு 4 கிலோமீட்டர் நடையில், திரும்பும் நேரத்தையும் வெட்டியதன் மேலேயே வெட்டுவதில் வீணாகும் நேரத்தையும் சேர்த்தால், ஓர் ஏக்கரை இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும். 42 அங்குல ஜீரோ டர்ன் மணிக்கு 8 கிலோமீட்டரில் அதையே 40 நிமிடத்துக்குள் முடிக்கும். 50 சென்ட் தரையில் இந்த வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காகச் சில லட்சங்களை முடக்குவது வீண். ஓர் ஏக்கரைத் தாண்டி, அதுவும் திறந்த வெளியாக இருந்தால்தான் இந்த வண்டி தன் விலைக்கு வேலை செய்யும். துவாக்குடியில் 800 ஏக்கரில் விரிந்த தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற வளாகங்களின் கணக்கு வேறு. வீட்டுக்காரர் அதைப் பார்த்து அளவெடுக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் ‘திறந்த வெளி’ என்பது பெரும்பாலும் தென்னைக்கு இடையே உள்ள வெளிதான். தென்னைக்குத் தென்னை 25 அடி என்பது தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் இடைவெளி. ஏக்கருக்கு 70 மரம் வரும். மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்திருந்தால், இரண்டு பாத்திகளுக்கு நடுவே 13 அடி மிஞ்சும். 42 அங்குல வண்டிக்கு அது நான்கு ஓட்டம். பாத்தியின் விளிம்பை ஒட்டி வளைந்து வெட்டுவதில் ஜீரோ டர்னுக்கு நிகரில்லை. ஸ்டீயரிங் வைத்த லான் டிராக்டர் அங்கே முன்னும் பின்னும் போய்த் திணறும். ஆனால் பாத்திக்குப் பாத்தி நீர் பாயும் வாய்க்காலும் அதன் வரப்பும் இருந்தால் கதை மாறும். சிறிய முன்சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கி நிற்கும், பிளேடை மூடும் தகடு வரப்பைச் சீவும், பிளேடு மண்ணைக் கடிக்கும். சொட்டுநீருக்கு மாறி வாய்க்காலைத் தூர்த்த தோப்பில்தான் இந்த வண்டியைப் பற்றிப் பேசலாம். அப்படி மாறிய இடத்திலும் சொட்டுநீர்க் குழாய் புல்லுக்கு மேல் கிடக்கக் கூடாது, புதைத்திருக்க வேண்டும்.

விழும் மட்டை, பாளை, குரும்பை இவற்றை ஓட்டுவதற்கு முன் பொறுக்கியாக வேண்டும். பிளேடின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது. அதில் அடிபட்ட குரும்பையோ சரளைக்கல்லோ எவ்வளவு தூரம் பறக்கும், யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. வண்டி ஓடும்போது பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாயின் மூடியைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. வேலை வேகமாகத்தான் நடக்கும். பறக்கும் கல்லுக்கும் வழி திறந்துவிடும்.

பெரிய ஆபத்து சரிவில் இருக்கிறது. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களின் வேலை என்பதால், ஈரப்புல்லில் அவை பிடி இழந்த மறுகணம் ஓட்டுபவர் கையில் ஒன்றுமில்லை. வண்டி சரிவின் போக்கில் போய்விடும். பல நிறுவனங்களின் கையேடுகள் 15 பாகைக்கு மேல் ஓட்டக் கூடாது என்கின்றன. 10 அடி நீளத்துக்கு 2.7 அடி ஏறினால் அது அந்த அளவு. கொள்ளிடக் கரை, குளத்தங்கரை, கிணற்றைச் சுற்றிய மேடு, கடைக்கால் மண் கொட்டிய சரிவு, இவை எல்லாம் கையில் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டருக்கு உரிய இடங்கள். உருண்டால் காப்பாற்றும் பாதுகாப்பு வளைவும் சீட் பெல்ட்டும் உள்ள வண்டியே நல்லது. தாழ்ந்த மாங்கிளைக்குக் கீழே போக அந்த வளைவை மடக்கியவர் மறுபடி நிமிர்த்த மறப்பது வழக்கம். கிளையைக் கழித்துவிடுவதே மேல்.

புல்லின் வகையும் தீர்மானிக்கும். இந்த வண்டிகளின் வெட்டும் உயரம் பொதுவாக ஒன்றரை அங்குலத்திலிருந்து நாலரை அங்குலம் வரை. கம்பளம் போல் ஓர் அங்குலத்துக்குக் கீழே வெட்டிய அருகம்புல்லோ கொரியன் புல்லோ வேண்டுபவருக்கு உருளை பிளேடு கொண்ட ரீல் வகையே ஏற்றது. ஜீரோ டர்ன் அங்கே ஏமாற்றம். அகன்ற இலைப் புற்களுக்கும், தோப்பு நிழலில் வளரும் கார்ப்பெட் புல்லுக்கும் இரண்டு, மூன்று அங்குல உயரம் பொருந்தும். இன்னொன்று: ஒரு சக்கரத்தை நிறுத்தி மறு சக்கரத்தால் சுற்றினால், நின்ற சக்கரத்தின் அடியில் புல் பிய்ந்து வட்டமாக மண் தெரியும். அருகம்புல் ஓடுதண்டு விட்டுச் சில வாரத்தில் மூடிவிடும். கொரியன் புல் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இரண்டு சக்கரமும் உருளும்படி மூன்று அசைவில் திருப்பப் பழகினால் இது நேராது. 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தண்ணீர் பாய்ந்த வண்டல் மண்ணில் மறுநாளே இறக்கினால் சக்கரத் தடம் பள்ளமாகவே தங்கிவிடும்.

இவ்வளவும் ஒத்துவந்தால் வண்டியின் உறுப்புகளுக்கு வரலாம். 42 அங்குலம் என்பது வெட்டும் அகலம். புல் தள்ளும் வாயைச் சேர்த்தால் நான்கு அடியைத் தாண்டும். பல வீட்டுத் தோட்டங்களின் பக்கவாட்டு கேட் அவ்வளவு அகலம் இல்லை. 54, 60 அங்குல வண்டிகள் மேடுபள்ளத்தில் மேட்டைச் சீவும். வீட்டுக்கு 42 அல்லது 48 போதும். பிளேடை மூடும் தகடு ஒரே தாளில் அழுத்தி எடுத்ததா, கனத்த தகடுகளை வெல்டிங் செய்ததா என்று பார்க்க வேண்டும். செம்மண் சரளையில் முதல் வகை சீக்கிரம் நசுங்கும். விலை குறைந்த வண்டிகளின் ஹைட்ராலிக் பெட்டி முத்திரையிட்டது. எண்ணெய் மாற்ற முடியாது, கெட்டால் முழுதாக மாற்ற வேண்டும். வடிகட்டியும் எண்ணெய் மாற்றும் வசதியும் உள்ள பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திருச்சி வெயிலில் திரும்பக் கிடைக்கும். ஹைட்ராலிக் எண்ணெய்க்குச் சூடுதான் முதல் எதிரி. இன்ஜினில் 42 அங்குலத்துக்கு 20 குதிரைத்திறன் அளவு தாராளம்.

பெட்ரோல் விஷயத்தில் இன்று புதிதாக ஒரு சிக்கல். நாட்டின் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது; புல்வெட்டி இன்ஜின்கள் பலவற்றின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் கார்புரேட்டரில் துருவும் பிசினும் படியும். இந்தப் பகுதியில் புல் வெறிகொண்டு வளர்வது ஐப்பசி, கார்த்திகை மழையில். கோடையில் தண்ணீர் குறைத்தால் வாரக்கணக்கில் வெட்டவே தேவைப்படாது. அந்த ஓய்வுக்கு முன் தொட்டியைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும். எந்த அளவு எத்தனால் வரை உத்தரவாதம் செல்லும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பேட்டரியில் ஓடும் ஜீரோ டர்ன்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் 40 டிகிரி வெப்பத்தில் தகரக் கொட்டகையில் நிறுத்தினால் பேட்டரியின் ஆயுள் குறையும். நிழலான, காற்றோட்டமான இடம் அதற்கு வேண்டும்.

ஜீரோ டர்ன் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. ஸ்டில், ஹோண்டா, ஹஸ்க்வர்னா பிரஷ் கட்டர்களுக்கு மெக்கானிக் கிடைப்பது போல் இதற்குக் கிடைக்க மாட்டார். பிளேடு ஒரு ஜோடி, பெல்ட், காற்று வடிகட்டி, பிளேடு சுழலும் அச்சின் பேரிங், இவற்றை வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுவது இங்கே அவசியம். பழைய வண்டியானால் பளபளப்பை விட்டுவிட்டு மணிக்கணக்கு மீட்டரைப் பார்க்க வேண்டும். பிறகு மேட்டில் ஏற்றி, சூடேறிய பின்னும் இரு சக்கரமும் ஒரே வலுவில் இழுக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

புது வண்டியோ பழையதோ, வெள்ளோட்டம் கடையின் சிமென்ட் தரையில் அல்லாமல் சொந்தப் புல்தரையில் நடக்க வேண்டும். கேட்டில் நுழைகிறதா, இரண்டு தென்னைக்கு நடுவே பாத்தி சிதையாமல் திரும்புகிறதா, நிறுத்தும் கொட்டகையின் வாசல் போதுமா என்று பார்க்கலாம். வெள்ளோட்டத்தில் வண்டியில் உட்கார வேண்டியவர், நாளைக்கு அதை ஓட்டப்போகும் தோட்டக்காரர்.