பானையை எடுக்கும் வயது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பக்கத்துத் தெரு மீன்தொட்டிக் கடையிலோ ஒரு ஜோடி 'லவ் பேர்ட்ஸ்' வாங்குபவர் கூண்டை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஒரு கிலோ தினை, ஒரு துண்டு கடல்நுரை, பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்ன மண்பானை எல்லாம் கூடவே வரும். பானையைக் கூண்டின் மேல்மூலையில் கம்பியால் கட்டிவிட்டால் சீக்கிரமே குஞ்சு பார்க்கலாம் என்பார் கடைக்காரர். இளம் ஜோடியாக இருந்தால் பெரும்பாலும் அது நடக்கவும் செய்யும். அதே பானை ஐந்தாறு வருடம் கழித்தும் அங்கேயே தொங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் நம் ஊரில் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜெரிகர்கள். வளர்ப்பவர்கள் சுருக்கமாகப் பட்ஜி என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த சின்னக் கிளி இது. 1805-ல் ஜார்ஜ் ஷா இதை முதன்முதலில் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-ல் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் கூண்டுகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. நிறம் மாறிவிட்டது. பச்சையோடு நீலம், வெள்ளை, மஞ்சள் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இனப்பெருக்க ஏற்பாடு மட்டும் பாலைநிலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது.

அந்த ஏற்பாடு இதுதான். உள்நாட்டு ஆஸ்திரேலியாவில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் புல் முளைத்து விதை பிடிக்கும். எங்கிருந்தோ பட்ஜிக் கூட்டங்கள் வந்து இறங்கும். யூக்கலிப்டஸ் மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த அவகாசத்தில் அவசரமாகக் குடும்பம் நடத்தும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை, மொத்தம் நான்கிலிருந்து ஆறு. அடைகாக்க ஏறக்குறைய 18 நாள். பொரிந்த குஞ்சு ஒரு மாதம் கொஞ்சம் கூடுதலாகப் பொந்தில் இருந்துவிட்டுப் பறக்கும். விதை தீர்ந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். அடுத்த மழை வரும்வரை முட்டை கிடையாது. தாயின் உடம்பு தேறுவது அந்த இடைவெளியில்தான்.

வீட்டுக் கூண்டில் அந்த இடைவெளி வருவதே இல்லை. தினைக் கிண்ணம் காலியாவதில்லை, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரவு பதினொரு மணி வரை ஹாலில் டியூப்லைட் எரிகிறது. பக்கத்தில் ஆண் பறவை ஓயாமல் கத்துகிறது, எதிரில் இருட்டான ஓட்டையோடு பானை தொங்குகிறது. பறவையின் மூளைக்கு இவை எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: மழை பெய்திருக்கிறது, வேலையை ஆரம்பி.

இதில் ஆணின் சத்தத்துக்கு உள்ள பங்கை 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பார்பரா பிராக்வே சோதித்துப் பார்த்தார். ஆண் பட்ஜி பெண்ணின் அருகே எழுப்பும் மெல்லிய தொடர் முணுமுணுப்பு காதில் விழுந்தாலே பெண்ணின் சினைப்பை வளரத் தொடங்குவதை அவருடைய சோதனைகள் காட்டின. தனியாக இருக்கும் பறவைக்குத் துணையாக இருக்கட்டும் என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பட்ஜி சத்தம் போட்டுவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆண் இல்லாததால் முட்டை வராது என்றும் இருந்துவிட முடியாது. சேவல் இல்லாமல் பண்ணைக் கோழி இடுவது மாதிரி, தனிப் பெண் பட்ஜியும் கருவில்லாத முட்டையை இடும். உடம்புக்கு ஆகும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தச் செலவு கொஞ்சநஞ்சமல்ல. சாதாரண வீட்டுப் பட்ஜியின் எடை 35 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஒரு முட்டை சுமார் 2 கிராம். ஆறு முட்டை என்றால் 12 கிராம். பன்னிரண்டு நாளுக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை அது வெளியே தள்ளிவிடுகிறது. மஞ்சள் கரு உருவாகும்போது ஈரலுக்கு வேலை. ஓடு உருவாகும்போது எலும்புக்குச் சோதனை.

ஓடு கிட்டத்தட்ட முழுக்க முழுக்கக் கால்சியம் கார்பனேட். சினைக்குழாயின் கடைசிப் பகுதியில் முட்டை ஏறக்குறைய ஒரு நாள் தங்கும்போது அது படிகிறது. அன்றைய தீனியில் இருந்து மட்டும் இவ்வளவு கால்சியம் கிடைக்காது என்பதால் பெண் பறவையின் உடம்பு முன்கூட்டியே சேமிக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறியதும் கால் எலும்பின் உள்ளே, மஜ்ஜை இருக்கும் இடத்தில், புதிதாக ஒரு மெல்லிய எலும்புப் படிவம் உருவாகும். ஓடு போடும் நேரத்தில் அதைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. வெறும் தினையில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அந்தக் கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வெளிச்சம் உண்டு, தேவையான புற ஊதாக் கதிர் கிடையாது. இப்படி வருடக்கணக்கில் தினை மட்டுமே தின்று, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முட்டையிட்டு வந்த பறவைக்கு ஆறாவது வயதில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

கால்சியம் குறைந்தால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. ஓடு மெலிந்து, சில சமயம் தோல் போலவே இருக்கும். தசை சுருங்கவும் அதே கால்சியம்தான் வேண்டும் என்பதால், முட்டையை வெளியே தள்ள வேண்டிய சினைக்குழாய்த் தசையும் சோர்ந்துபோகும். வழுக்கிக்கொண்டு வராத மெல்லோட்டு முட்டை, தள்ளத் தெம்பில்லாத தசை. இந்த நிலையைத்தான் வளர்ப்பவர்கள் 'எக் பைண்டிங்' என்கிறார்கள். வயதோடு வரும் கொழுப்பும், கோணல்மாணலாக உருவாகும் முட்டைகளும் அபாயத்தைக் கூட்டும்.

பார்த்ததும் தெரியும் அறிகுறிகள் உண்டு, ஆனால் பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காலையில் வந்து பார்த்தால், குச்சியில் இருக்க வேண்டியது கூண்டின் தரையில், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்திருக்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும். கழிவாய்க்கு மேலே வயிறு புடைத்திருக்கும். எச்சம் நின்றுபோயிருக்கும், அல்லது முக்கி முக்கிக் கொஞ்சமாக வரும். உள்ளே சிக்கிய முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் கால் பிடிமானம் இழந்து இழுபடும். இந்த நிலையில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. சில மணி நேரத்திலேயே பறவை போய்விடலாம்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு சின்னப் பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் பல்பு வைத்து 30 டிகிரி அளவுக்குச் சூடும், ஈரத்துணியால் கொஞ்சம் ஈரப்பதமும் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். சென்னைச் சித்திரையில் பல்பு தேவைப்படாது. வயிற்றைப் பிசைந்து முட்டையை வெளியே எடுக்கப் பார்ப்பது மிக மோசமான வைத்தியம். முட்டை உள்ளேயே உடைந்தால் ஓட்டுச் சில்லு குழாயைக் கிழிக்கும். எண்ணெய் தடவுவதும் முட்டை சிக்கியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது. மருத்துவர் கால்சியம் ஊசியும் நீர்ச்சத்தும் கொடுத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஊசியால் முட்டையின் உள்ளிருப்பதை உறிஞ்சி ஓட்டைச் சுருங்க வைப்பார். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை; யார் பார்ப்பார் என்பதை, பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

முட்டை சிக்காமலே ஆபத்து வருவதும் உண்டு. சினைப்பையில் இருந்து வந்த மஞ்சள் கரு சினைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றறையில் விழுந்தால் அங்கே அழற்சி உண்டாகும். வெளியே தெரிவதெல்லாம் மெதுவாக வீங்கும் வயிறும், முட்டையிடப் போகிற மாதிரி நடந்துகொண்டும் முட்டையே வராததும்தான். முட்டையிட அதிகமாக முக்கித் திணறிய பறவைக்குக் குழாயின் ஒரு பகுதி வெளியே பிதுங்குவதும் உண்டு.

ஆகவே வயதான பெண் பட்ஜி உள்ள கூண்டில் முதலில் கழற்ற வேண்டியது பானை. சில பறவைகள் பானை போனதும் தீனிக் கிண்ணத்தையோ கூண்டு மூலைக் காகிதத்தையோ பொந்தாக்கிக்கொள்ளப் பார்க்கும். வெளியே விட்டால் அலமாரிக்குப் பின்னால் நுழையும். அதையும் அடைக்க வேண்டியதுதான். அடுத்தது வெளிச்சம். தினமும் 12 முதல் 14 மணி நேரம் இருட்டு கிடைக்கும்படி மாலையே கூண்டை அமைதியான அறைக்கு மாற்றிவிடுவது, மருந்தில்லாத வழிகளில் நல்ல பலன் தருவது. தீனியில் முளைகட்டிய தானியம், வேகவைத்த முட்டை போன்ற கொழுத்த சாப்பாட்டைக் கொஞ்ச காலம் நிறுத்தலாம். கால்சியம் தரும் கடல்நுரையையும் முருங்கைக் கீரையையும் நிறுத்தக் கூடாது. செல்லமாக முதுகைத் தடவுவதை விட்டுவிட்டு, தலையை மட்டும் வருடலாம். ஆணை வேறு கூண்டுக்கு மாற்றுவது மட்டும் எளிதான முடிவல்ல, ஐந்து வருடம் ஒட்டி உட்கார்ந்த ஜோடியைப் பிரித்தால் இரண்டுமே வாடும். பானையும் வெளிச்சமும் போயும் முட்டை நிற்காவிட்டால்தான் அதை யோசிக்க வேண்டும். அதற்கும் அடங்காத பறவைகளுக்கு ஹார்மோனை அடக்கும் ஊசியும் தோலுக்கடியில் வைக்கும் மருந்தும் உண்டு.

ஏற்கெனவே முட்டை இட்டுவிட்டால்? உடனே எடுத்து எறிவதுதான் பலர் செய்யும் காரியம். எடுக்க எடுக்க, காணாமல் போன எண்ணிக்கையை ஈடுகட்ட இன்னும் இடும் வாய்ப்புண்டு. குஞ்சு வேண்டாம் என்றால் முட்டைகளைக் கொதிநீரில் வேகவைத்து, ஆறியபின் அதே இடத்தில் வைத்துவிடலாம். மூன்று வாரத்தில் அதுவே சலித்து விட்டுவிடும்.

வயதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் கஷ்டம். குஞ்சுப் பருவத்தில் நெற்றிவரை ஓடும் கருங்கோடுகள் நான்கு மாதத்துக்குள் மறைந்துவிடும். அதன்பிறகு இரண்டு வயதுப் பறவைக்கும் ஏழு வயதுப் பறவைக்கும் வெளியே பெரிய வித்தியாசம் இருக்காது. காலில் மூடிய வளையம் இருந்தால் அதில் பிறந்த வருடம் பொறித்திருக்கும். சந்தைப் பறவைகளுக்குப் பெரும்பாலும் அது இருப்பதில்லை. வயது தெரியாவிட்டாலும் உடம்பின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். அலகுக்கு மேலே உள்ள மெழுகுப் பகுதி பெண்ணுக்குக் கரும்பழுப்பாகிச் சொரசொரப்பானால் அது முட்டைக்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். வருடம் முழுக்க அப்படியே தடித்து வளர்ந்துகொண்டிருந்தால் ஹார்மோன் இறங்கவே இல்லை என்று பொருள். ஆணின் நீல மெழுகுப் பகுதி பழுப்பாக மாறினால் விஷயம் வேறு, விரையில் கட்டி இருக்கலாம். சிறுநீரகத்திலும் இனப்பெருக்க உறுப்புகளிலும் கட்டி வருவது பட்ஜிகளிடம் அடிக்கடி பார்க்கப்படும் நோய். ஒரு கால் மட்டும் நொண்டும் வயதான பட்ஜியை, குச்சியில் இருந்து விழுந்திருக்கும் என்று நினைத்து மஞ்சள் தடவிவிடுகிறார்கள். உள்ளே வளரும் கட்டி கால் நரம்பை அழுத்துகிறதா என்பது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தெரியக்கூடும்.