இரண்டு வருடம் தாமதமாக வந்த தங்கம்! லால்குடி ஆரோக்கிய ராஜீவின் ஓட்டக் கதை

ஓடி முடித்தது 2018 ஆகஸ்ட் மாதம். அந்த ஓட்டத்துக்குத் தங்கம் என்று அறிவிப்பு வந்தது 2020 ஜூலையில்! தடகள வீரர் ஆரோக்கிய ராஜீவின் வாழ்க்கையில் இப்படி ஒரு திருப்பமும் உண்டு.

மேற்கே ஜீயபுரம், கொள்ளிடம் தாண்டினால் லால்குடி எனக் காவிரித் தண்ணீர் பாயும் திருச்சி மாவட்டம்தான் இவருக்குச் சொந்த மண். லால்குடி பக்கத்துக் கிராமத்தில் 1991-ல் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர்.

தாண்டியவர் ஓடினார்

ராஜீவ் முதலில் நீளம் தாண்டுதல் வீரர். ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்த பிறகுதான் 400 மீட்டர் ஓட்டத்துக்கு மாறினார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். 2017-ல் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இடையில் ஒரு சறுக்கல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இவர் இடம்பெற்ற 4x400 மீட்டர் தொடர் ஓட்ட அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

ஐந்து நாள், மூன்று ஓட்டம்

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஆகஸ்ட் 26-ம் தேதி 400 மீட்டர் இறுதிப் போட்டியில் ராஜீவ் 45.84 விநாடிகளில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்றவரின் நேரம் 45.70. வெறும் 0.14 விநாடியில் பதக்கம் போனது!

சோர்ந்து உட்கார நேரமில்லை. 28-ம் தேதி, ஆசிய விளையாட்டில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட கலப்பு தொடர் ஓட்டம். முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், ராஜீவ் கூட்டணிக்கு வெள்ளி. 30-ம் தேதி ஆண்கள் தொடர் ஓட்டத்தில் இன்னொரு வெள்ளி.

கலப்பு ஓட்டத்தில் முதலிடம் பிடித்தது பஹ்ரைன். அந்த அணியின் வீராங்கனை கெமி அடெகோயா பின்னர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். பஹ்ரைனின் பதக்கம் பறிபோக, இந்தியாவின் வெள்ளி தங்கமாக மாறியது. ஆனால், மேடையில் நின்று தேசிய கீதம் கேட்கும் அந்தத் தருணம்? அதை எந்த அறிவிப்பாலும் திருப்பித் தர முடியாது.

ஆசிய சாதனை... ஆனாலும் ஒன்பதாவது!

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ராஜீவ் இரண்டு தொடர் ஓட்டங்களில் களமிறங்கினார். கலப்பு அணியில் மதுரை ரேவதியும் திருச்சி சுபா வெங்கடேசனும் உடன் ஓடினார்கள். அதாவது, நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள், இருவர் திருச்சிக்காரர்கள்! அந்த அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 6-ம் தேதி ஆண்கள் தொடர் ஓட்டம். அனஸ், நோவா நிர்மல் டாம், ராஜீவ், அமோஜ் ஜேக்கப் ஓடி முடித்தபோது நேரம் 3 நிமிடம் 00.25 விநாடி. கத்தார் வைத்திருந்த 3:00.56 என்ற ஆசிய சாதனை உடைந்தது. இறுதிப் போட்டிக்கு எட்டு அணிகள்தான் போகும். இந்தியா பிடித்த இடம் ஒன்பது!

இரண்டு வருடங்களில் அந்த நேரத்தையும் இந்திய அணி மிஞ்சியது. 2023 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்பில் இந்திய அணி 2:59.05-ல் ஓடி இறுதிச் சுற்றுக்கே சென்றது. அதில் ராஜீவ் இல்லை. ஆனால், அணியின் கடைசி ஓட்டக்காரர் ராஜேஷ் ரமேஷ், திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். ராஜீவ் கையிலிருந்த பேட்டன் திருச்சியை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை!