மலர்களைப் பி.டி.எவ். ஆக்கும் முன்

புலம்பெயர் நாடுகளில் எம்மவர் வெளியிட்ட சங்க மலர்களும் அந்தியேட்டி நினைவு மலர்களும் இன்று பி.டி.எவ். கோப்புகளாகச் சேமிக்கப்பட்டு வருகின்றன. நல்ல முயற்சிதான். ஆயின், எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்ற வினாவைப் பலர் விலையோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

1993 இல் அடோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய இவ்வடிவம் 2008 இல் ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. எனவே அந்நிறுவனத்தின் மென்பொருளையே விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போதும் என்பதே எமது கருத்து. அதில் பி.டி.எவ்./ஏ என்றொரு தெரிவு உண்டு. நெடுங்காலச் சேமிப்புக்கென 2005 இல் வகுக்கப்பட்ட இத்தரம், எழுத்துருக்களைக் கோப்பினுள்ளேயே பதித்துவிடுமாறு விதிக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியிலும் பக்கம் குலையாது.

பக்கம் குலையாதிருப்பது வேறு, தேடினால் அகப்படுவது வேறு. பாமினி எழுத்துருவில் நாம் 'அம்மா' என வாசிப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே! அக்கோப்பை அப்படியே பி.டி.எவ். ஆக்கினால், ஊர்ப் பெயரோ ஆட்பெயரோ எவர் தேடியும் கிட்டாது. ஆகவே மூலக் கோப்பை முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பின்னரே சேமித்தல் வேண்டும். ஒருங்குறியிலும் சில மென்பொருள்கள் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்புகளை இடம்மாற்றிப் பதித்துவிடுகின்றன.

மலர் முழுவதையும் ஆக்குமுன் ஒரு பக்கத்தை மட்டும் சேமித்து, அதில் 'கொக்குவில்' எனத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் இருந்தும் அகப்படாவிடின் வேறு மென்பொருளை நாடுங்கள். பாமினி மூலத்தையும் அழித்துவிடாதீர்கள்.