தூங்கிப்போன எஞ்சின்கள்

மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்த படகு மோட்டார் சீசனின் முதல் நாளில் மக்கர் செய்வது ஏன்? கோளாறு பெரும்பாலும் சின்னது. கடலில் அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரியது.

நாரளி பூர்ணிமா வந்துவிட்டால் மும்பையின் கோலிவாடாக்களில் கொண்டாட்டம்தான். கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டுப் புதிய சீசனைத் தொடங்குகிறார்கள் கோலி மீனவர்கள். மேற்குக் கரையின் பெரும்பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கேரளத்தில் தடை இழுவைப் படகுகளுக்குத்தான், வள்ளங்களுக்கு இல்லை. ஆனால் துறைமுகப் பாதுகாப்பு இல்லாத கரைகளில் தென்மேற்குப் பருவக்காற்றின் அலையில் வள்ளம் இறக்குவது உயிரோடு விளையாடுவதற்குச் சமம். ஆக, சட்டத்தாலோ அலையாலோ ஏராளமான அவுட்போர்டு மோட்டார்கள் வாரக்கணக்கில் கொட்டகையில் தூங்குகின்றன. அவற்றை எழுப்பும் நாள்தான் சோதனை நாள்.

காட்சி எங்கும் ஒன்றுதான். கயிற்றை இழுக்கிறார்கள்; எஞ்சின் இருமுகிறது, அணைகிறது. இருபது முறை இழுத்தபின் தோள் வலிக்கிறது. பக்கத்துப் படகுகள் போய்விடுகின்றன. ஒருவழியாக ஓட ஆரம்பித்தால் இன்னும் ஆபத்து. முழு வேகத்தில் சீறும் எஞ்சின், வேகத்தைக் குறைத்ததும் செத்துப்போகும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் முதலப்பொழி முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து பல மீனவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அலையும் மணல்திட்டும் சேர்ந்து மிரட்டும் அப்படிப்பட்ட இடத்தில் அரை நிமிடம் எஞ்சின் நின்றாலே போதும்: படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும்.

1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு மோட்டாரின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மேலே எஞ்சின், கீழே கியரும் விசிறியும், இரண்டையும் இணைக்கும் தண்டு. 1980-களில் கேரளக் கரையெங்கும் பரவிய இந்த எளிய இயந்திரத்துக்கு ஓட்டத்தைவிட ஓய்வுதான் எமன்.

முதல் குற்றவாளி எரிபொருள். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்ற படிவத்தை விட்டுச்செல்கிறது. குறைந்த வேகத்துக்கான ஜெட்டின் துளை மிக நுண்ணியது. முதலில் அடைபடுவது அதுதான். வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் அணைவதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே. இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நாட்டில் விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் பதம் பார்க்கும்.

மண்ணெண்ணெய் எஞ்சின்களின் கதை வேறு. அவற்றைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிடும். குளிர்ந்த எஞ்சினில் அது எளிதில் பற்றாது.

எங்கே தொடங்குவது?

கயிற்றைத் தொடும் முன் கில் ஸ்விட்ச்சின் கிளிப் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் எத்தனை முறை இழுத்தாலும் வீண். அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். சுற்றாமல் இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. ஆயில் ஊறட்டும் என்று ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது.

பழைய எரிபொருளை முழுதாக வெளியேற்றி, டாங்கைக் கழுவ வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிக் கணக்குக் கெட்டுவிடும். மிக்ஸர் திருகைக் கழற்றுவதற்கு முன், அது முழுதாக மூட எத்தனை சுற்று வாங்குகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது திண்டாட்டம் இல்லை.

கீழே கியர் ஆயிலையும் பார்க்க வேண்டும். பால் கலந்த டீ போலிருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்; சீலை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது.

இனி தண்ணீர் பம்ப். அதன் ரப்பர் இம்பெல்லர் பல மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் இறகுகள் விறைத்து வெடிக்கும். எஞ்சினின் விலைக்கு முன்னால் இம்பெல்லரின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அது போனால் குளிர்விக்கும் தண்ணீர் ஏறாது, எஞ்சினே போய்விடும். எனவே தண்ணீர் உறிஞ்சும் துளைகள் மூழ்கும் அளவு நீர் நிரம்பிய டிரம்மில் வைத்துத்தான் முதலில் ஓட்ட வேண்டும். வெறுங்காற்றில் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்ப்பதுகூட இம்பெல்லரைக் கருக்கிவிடலாம். ஸ்டார்ட் ஆனதும் பின்புறத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

புது எரிபொருள் ஊற்றும்போது ஆயில் விகிதம் முக்கியம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மாடலுக்கு மாடல் இது மாறும். கையேடு சொல்வதே கணக்கு. டாங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறந்து, குழாயிலுள்ள ரப்பர் பல்பு கெட்டியாகும்வரை அழுத்திவிட்டு இழுக்கலாம்.

ஓடினாலும் தடுமாறுகிறதா? அந்த ரப்பர் பல்பை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் எஞ்சின் நிமிர்ந்தால், பெட்ரோல் பம்பின் டயாபிரமோ குழாயோ பழுது. அழுத்தியும் மாற்றம் இல்லையென்றால் பிளக்குகளைப் பாருங்கள். இளம்பழுப்பு நிறம் நல்ல அடையாளம். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை.

இத்தனை வேலையும் மிச்சமாக வழி உண்டு. சீசன் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுவது. எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் காய்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுவது. சிலிண்டரில் ஆயில் விடுவது. மோட்டாரை நிமிர்த்தி நிறுத்திவைப்பது. ஓர் அரைநாள் வேலை.

மீனவர்களுக்கு மட்டுமான பாடம் அல்ல இது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் லாரிகளில் படகுகளை ஏற்றிவந்த கேரள மீனவர்கள் குறைந்தது 65,000 பேரை மீட்டதாக மாநில அரசு கணக்கிட்டது. வந்தவை அன்றாடம் கடலில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்கள்; வந்தவர்கள் அவற்றின் குணம் அறிந்தவர்கள். வெள்ளத்துக்கென்று வாங்கிக் கிடங்கில் வைக்கும் மீட்புப் படகுகளுக்கும் எஞ்சின் இதேதான். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் டிரம்மில் ஓட்டாத மோட்டார், இருப்புப் பதிவேட்டில் மட்டுமே மோட்டார். கூரைமேல் ஏறி நிற்பவர்கள் காத்திருக்கும் இரவில் கயிற்றை எத்தனை முறை இழுக்க நேரும் என்பது, அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது.