திட்ட முகாமைத்துவ அலுவலகம்: எங்கே தொடங்குவது?

ஒரு நிறுவனத்தில் ஐந்தாறு வேலைத்திட்டங்கள் ஒரே காலத்தில் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் உண்டு, பணமும் உண்டு. ஒன்று பிந்தினால் மற்றது எங்கே தடைப்படும் என்று பார்க்கத்தான் ஆளில்லை. திட்ட முகாமைத்துவ அலுவலகம் அமைப்பது அந்த வேலைக்கு.

கண்டிப் பக்கத்தில் இதற்கு மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டத்தை விடப் பெரிய உதாரணம் இல்லை. 1968இல் வரைந்த பெருந்திட்டம் 30 ஆண்டுகளுக்கானது. 1976இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திருப்பினார்கள். 1977இல் வந்த அரசாங்கம் முக்கிய வேலைகளை ஆறே ஆண்டுகளில் முடிக்கத் தீர்மானித்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலை அணைக்குச் சுவீடனும், ரந்தெனிகலை அணைக்கு மேற்கு ஜெர்மனியும் உதவின. இத்தனையையும் சேர்த்துப் பிடிக்க 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் மகாவலி அதிகாரசபை உருவானது. அது வெறும் திட்ட அலுவலகமல்ல, அதைவிடப் பெரியது. ஆனாலும் அது பிறந்த காரணம் இதே காரணம்தான்.

விக்டோரியாவைப் பாருங்கள். 122 மீற்றர் உயரத்துக்கு அணை எழும்பினால் மட்டும் போதாது. நீர் தேங்குமுன் பழைய தெல்தெனிய நகரத்தின் கடைகளும் வீடுகளும் காலியாக வேண்டும். எழும்பிப் போகிறவர்களுக்கு வேறிடத்தில் காணியும் பாதையும் பாடசாலையும் தயாராக இருக்க வேண்டும். கொங்கிறீற் வேலை ஒரு தரப்பிடம், குடியேற்றம் இன்னொரு தரப்பிடம். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்காவிட்டால் நட்டப்படுவது பொறியியலாளரல்ல, வீட்டை விட்டு வந்த குடும்பம். இந்த அலுவலகத்தை வெறும் கடதாசி வேலை என்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

உங்கள் நிறுவனத்துக்குச் சட்டம் வேண்டாம், தலைவர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் போதும். யாரிடம் என்ன விபரம் கேட்கலாம், எந்த வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதிகாரம் இல்லாத அலுவலகத்துக்கு ஒருவரும் நேரத்துக்கு அறிக்கை அனுப்பமாட்டார்கள். அடுத்தது ஒரு பதிவேடு: வேலை, பொறுப்பாளர், பணம் தருபவர், முடியும் திகதி, எது எதற்காகக் காத்திருக்கிறது. கடைசி நிரல்தான் உயிர். மென்பொருளும் படிவங்களும் பிறகு வரட்டும். தொடங்க இரண்டு மூன்று பேர் போதும்.

உள்ளூர் நாட்காட்டியையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றுங்கள். எசல பெரஹர வரும் ஜூலை, ஓகஸ்டில் கண்டி நகர வீதியைத் தோண்டத் திட்டமிடுபவர் தன் கால அட்டவணையைத் தானே குலைக்கிறார்.

வெளிநாட்டுக் கடனில் நடக்கும் வேலைகளுக்கு நம் நாட்டில் திட்ட முகாமைத்துவப் பிரிவு அமைப்பது வழக்கம். திட்டம் முடிந்தால் பிரிவும் கலைந்துவிடும். அலுவலகம் அப்படியல்ல, அது நிறுவனத்தோடு நிற்கும். ஜப்பானியக் கடனுதவியுடன் நடந்த கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் போன்ற ஒன்றில், ஒடுங்கிய வீதிகளுக்கடியில் குழாய் எந்த ஆழத்தில், எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை அடுத்துத் தோண்டுபவர் அறிந்தாக வேண்டும். பிரிவு கலையுமுன் நிரந்தர அலுவலகம் கையெழுத்திட்டு வாங்க வேண்டிய முதல் பொருள் அந்த வரைபடம். வாகனங்களும் கணினிகளும் அதற்குப் பிறகு.