மலை சுற்ற அறை உண்டு, கலை கற்க?

தம்பி!

கார்த்திகைத் தீபம் வந்துவிட்டால் நமது திருவண்ணாமலையில் திண்ணைக்குக்கூட விலை உண்டு என்பதை நீ அறிவாய். முழுநிலா நாள்தோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்க மக்கள் வருகிறார்கள். நேற்று ஒரு விலை சொன்ன விடுதிக்காரர், இன்று அதை மும்மடங்கு ஆக்குகிறார். வந்தவர் முணுமுணுக்கிறார், பிறகு மடியை அவிழ்க்கிறார். ஒரு நாள் தொல்லை, ஓர் இரவுக் கொள்ளை! பொழுது விடிந்தால் பேருந்து ஏறிப் போய்விடலாம்.

ஆனால், ஆண்டு முழுவதும் தீபத் திருநாள் விலை கேட்கும் ஊர் ஒன்று உண்டு. அங்கே மலையும் இல்லை, தீபமும் இல்லை. அங்கே போகிறவர்கள் பக்தர்களும் அல்லர்; படிக்கப் போகும் பிள்ளைகள்! அந்த ஊருக்குப் பெயர் சென்னை.

சென்ற வாரம், தேரடித் தெருப் பக்கம் பூக்கட்டி விற்கும் அம்மையார் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகனுக்குச் சென்னையில் கல்லூரி கிடைத்திருக்கிறது. முகத்தில் மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். இல்லை.

"சீட்டு கெடைச்சிடுச்சு தம்பி. எடந்தான் கெடைக்கல" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் பள்ளிப் படிப்போடு நின்றவன் என்பதை மேடைதோறும் சொல்லியிருக்கிறேன். ஏன் நின்றேன் என்பதைச் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன், கேள்.

எனக்கும் ஒருநாள் சென்னையில் கல்லூரி கிடைத்தது. மண்டியில் மூட்டை தூக்கும் என் தந்தை, ஒரு ரெக்சின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை அழைத்துப் போனார். கட்டணம் சொற்பந்தான், கட்டிவிட்டார். "விடுதி நிரம்பிவிட்டது, பெயரை எழுதிவிட்டுப் போங்கள்" என்றார்கள். திருவல்லிக்கேணியில் மேன்ஷன் மேன்ஷனாக ஏறி இறங்கினோம். ஒரு கட்டில் போடும் இடத்திற்கு, தந்தை தூக்கும் மூட்டைகளை எண்ணி எண்ணிப் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லை. வீடுகளைக் கேட்டோம். பத்து மாத வாடகை முன்பணம் என்றார்கள்.

ஒரு சந்தில், மாடியறை ஒன்று மலிவாக இருந்தது. வாயிலில் 'டு லெட்' பலகை. வீட்டுக்காரர் அன்பாகத்தான் பேசினார். எந்த ஊர் என்றார், என்ன படிப்பு என்றார், அப்பாவுக்கு என்ன வேலை என்றார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். என் தந்தை உண்மையைச் சொன்னார்.

"அடடா, இப்பத்தான் ஒருத்தர் வந்து அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு!"

பலகை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அடுத்த தெருவில், அடுத்த வீட்டின் படி ஏறுமுன், "இங்கே வேற சொல்லிடலாமா கண்ணு?" என்று என் தந்தை என்னைக் கேட்டார். தம்பி, என் தந்தை வட்டிக்கு வாங்கியிருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார், ஆனால் தன் பிறப்பை மறைத்துப் பேசியவர் அல்லர். என் படிப்புக்காக அதற்கும் துணிந்துவிட்டார். "வேண்டாம்பா" என்று கையைப் பிடித்தேன். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் நான்கு இரவுகள் படுத்தோம். ஐந்தாம் நாள் ஊர் திரும்பினோம். தேர்வில் நான் தோற்கவில்லை, தெருவில் தோற்றேன்!

இது என் கதை மட்டுமா? நூறாண்டுக் கதை!

டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் மருத்துவராக இருந்தவர். வெளியூர்களிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகள் தங்க இடமின்றித் தவிப்பதைக் கண்டார். உணவு விடுதியிலும் ஒதுக்கம், உறைவிடத்திலும் ஒதுக்கம். மனம் பொறுக்கவில்லை. மாநாடு கூட்டித் தீர்மானம் போடுவதற்கு முன், அவர் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு வீடு எடுத்தார். 'திராவிடர் இல்லம்' என்று பெயரிட்டார். பிள்ளைகளை உள்ளே அழைத்து, 'தங்கு, உண், படி' என்றார். 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்ததையும், நீதிக்கட்சி ஆட்சி ஏறியதையும் ஏடுகள் விரிவாக எழுதும். ஆனால் இந்த இயக்கத்தின் அடிக்கல்லில் ஒன்று, மாணவன் தலைசாய்க்க வைத்த தலையணை என்பதை மறவாதே!

அதே காலத்தில் பரோடாவில் நடந்ததும் நமக்குத் தெரியும். அமெரிக்கக் கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தார் அண்ணல் அம்பேத்கர். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். கண்டுகொண்டவர்கள் தடியோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். அத்தனை பெரிய பட்டமும் ஒரு கட்டிலை அவருக்கு வாங்கித் தரவில்லை!

படிக்கும் இடத்திலேயே பந்தி பிரித்த கதையும் உண்டு. சேரன்மாதேவிக் குருகுலத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனி உணவு என்றது 1924-25இல் பெரும் புயலைக் கிளப்பிற்று. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். 'சோற்றுக்காகவா சண்டை?' என்று கேலி பேசினர் சிலர். சோற்றுக்காக அல்ல, தம்பி, மானத்திற்காக!

அது அந்தக் காலம், இப்போது சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடை, உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றில் சாதி, மதம் பார்த்து எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. தீண்டாமையைக் காரணமாக்கிக் குடியிருக்க இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால், காரணத்தை எவர் வாய்விட்டுச் சொல்கிறார்? 'இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கினேன்' என்பதும், 'சைவம் மட்டும்' என்பதும், 'குடும்பத்திற்கு மட்டும்' என்பதும் எந்தச் சட்டத்தின் வலையிலும் விழாத வழுக்கு மீன்கள்! போதாக்குறைக்கு, குறிப்பிட்ட சமூகத்தார் மட்டும் சேரும் வீட்டுவசதிச் சங்கம் செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது.

கடல் கடந்து பார். இலண்டனில், 1950களில், நிறத்தவர்க்கு அறை இல்லை என்று சன்னலில் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். 1965இல் வந்த இனவுறவுச் சட்டம் வீட்டு வாடகையைத் தொடவில்லை. குறை உணர்ந்து, 1968இல் மற்றொரு சட்டம் செய்து, இனத்தைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுத்தார்கள். மூன்றே ஆண்டில் அவர்கள் ஓட்டையை அடைக்க முயன்றார்கள். நாமோ இன்னும் ஓட்டையின் வழியாக நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

சாதி ஒரு பூட்டு. பணம் மறு பூட்டு. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. நல்லது! ஆனால், 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று ஒரு வால். பதினெட்டு வயதுப் பிள்ளை, வீட்டு முதலாளியோடு சமமாக அமர்ந்து ஒப்பந்தம் பேசுவானா? புலியும் ஆட்டுக்குட்டியும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஊரிலிருந்தே போய் வரலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்பதற்கு எளிது. பேருந்து கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து கல்லூரிக்கு மற்றொரு பயணம். 2024 மே மாதம், சென்னைக் கடற்கரையிலிருந்து 50 ரூபாய்க் கட்டணத்தில் நம் ஊருக்கு இரயில் விட்டார்கள். மகிழ்ந்தோம். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். நள்ளிரவில் வந்து சேர்ந்து, விடியுமுன் திரும்பும் வண்டி. அதில் வியாபாரி போகலாம், விருந்தாளி போகலாம். நாள்தோறும் மாணவன் போனால், அவன் எப்போது தூங்குவான், எப்போது படிப்பான்?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. அரசுப் பள்ளியிலிருந்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கு, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. சைதாப்பேட்டையில் எம்.சி. இராசா விடுதிக்குப் பத்து மாடிப் புதுக் கட்டடம் எழுந்தது. 2025 சூலையில், சாதிப் பெயர் தாங்கிய அரசு விடுதிகள் யாவும் 'சமூகநீதி விடுதிகள்' ஆயின. அவை 2,739 என்றும், 1,79,568 பேர் தங்கிப் படிக்கின்றனர் என்றும் அரசு அன்று அறிவித்தது. நடேசனாரின் ஒரு வீடு எப்படிக் கிளைத்திருக்கிறது பார்!

பெருமைப்படுவோம். ஆனால் பெருமை, பூக்காரி மகனுக்குப் பாயாகுமா? கலைக் கல்லூரியில் சேரும் அவனுக்கு மாதம் 1,000 ரூபாய் புத்தகத்திற்கு உதவும், கட்டிலுக்கு? பெயர்ப் பலகை மாறியது சரி. படுக்கைகளும் பெருக வேண்டும்!

ஆகவே கேட்கிறோம். நம்மவர் ஆண்டாலும் கேட்போம், பிறர் ஆண்டாலும் கேட்போம். கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் வரும் நாளிலேயே, விடுதி உண்டா இல்லையா என்ற முடிவும் வரட்டும். ஒவ்வொரு மாவட்டத்தின் பெயரிலும் சென்னையில் ஒரு மாணவர் இல்லம் எழட்டும். தனியார் விடுதிகளின் வாடகை, வாயிற்படியில் எழுதி ஒட்டப்படட்டும். மாணவர்க்காவது, மூன்று மாத முன்பணம் என்ற வரம்பு வால் இல்லாத சட்டமாகட்டும்.

அரசைக் கேட்டாயிற்று. இனி உன்னைக் கேட்கிறேன், தம்பி! சென்னையில் மாடி கட்டி வாழும் நம் தோழர்கள் எத்தனை பேர்? மேடையில் சமத்துவம் முழங்கிவிட்டு, மாடிப்படியில் 'என்ன ஆளு?' என்று கேட்பவர் நம்மிலும் இல்லையா? கேட்கும் நாக்கு பகைவனுடையதாய் இருந்தால் எதிர்க்கலாம். நம்முடையதாய் இருந்தால்? வெட்கப்பட வேண்டும்!

அந்த அம்மையாரின் மகனுக்கு இப்போதைக்கு ஓர் இடம் அமைந்துவிட்டது. அயனாவரத்தில் குடியிருக்கும் தோழர் ஒருவர், தன் பிள்ளைகள் படுக்கும் அறையில் இன்னொரு பாயைப் போட்டிருக்கிறார். "என்ன ஆளு என்று கேட்டாரா?" என்று பையனிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"இல்லண்ணே. இட்லி எத்தனை சாப்பிடுவேன்னு கேட்டாங்க" என்றான்.

தம்பி, அந்தக் கேள்வி பரவட்டும்!