செக்ரோல் நிரலும் புதிய கணினியும்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் பிரட்டு எனப்படும் காலை வருகைக் கணக்கெடுப்புக்குப் பின் பதியப்படும் பேரும் (முழுநாள் வேலை) அரைப்பேரும் (அரைநாள் வேலை), மடுவத்தில் நிறுக்கப்படும் கொழுந்தின் அளவும், செக்ரோல் எனப்படும் சம்பளப் பதிவேட்டில் சேர்கின்றன. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி செலுத்தும் 8 வீதமும் தொழில்தருநர் செலுத்தும் 12 வீதமும் அதைக்கொண்டே கணிக்கப்படுவதாலும், 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் சேவை ஆண்டுகளை எண்ணுவதாலும், ஓய்வுபெறும் ஒருவரின் உரிமை முப்பது ஆண்டு பழைய பதிவையும் சார்ந்திருக்கக்கூடும். அப்பதிவு 1990களில் டாஸ் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட நிரலொன்றுக்குள் இருக்குமாயின், புதுக் கணினி அதைத் திறக்க மறுத்துவிடும்.

டாஸ் நிரல்கள் பெரும்பாலும் 16 பிட் வகையின. அதாவது தரவை 16 இரும இலக்கங்கள் கொண்ட துண்டுகளாகக் கையாள்பவை. 1985இல் வந்த இன்டெல் 386 செயலி, தனக்குள்ளேயே பழைய 8086 செயலியின் சூழலை உருவாக்க வல்லதாயிருந்ததால், 32 பிட் விண்டோஸில் இந்நிரல்கள் பிழைத்திருந்தன. 2003இல் ஏஎம்டி நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்த 64 பிட் முறையில் அவ்வசதி இல்லை. 2021இல் வெளியான விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது.

இதற்கு எளிய வழி, பழைய செயலியின் கட்டளைகளை மென்பொருளாலேயே நிகழ்த்திக்காட்டும் எமுலேட்டர் ஆகும். அவ்வகையைச் சேர்ந்த டாஸ்பாக்ஸில் செயலியின் வேகத்தைக் குறைக்கவும் முடியும். டர்போ பாஸ்கல் நிரல்மொழியில் எழுதப்பட்ட பல நிரல்கள் தொடக்கத்திலேயே செயலியின் வேகத்தை அளக்க முயன்று, ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விடை உரிய இடத்தில் அடங்காமையால், பூச்சியத்தால் வகுத்ததாகப் பிழை காட்டி நின்றுவிட்டன என்பதை நோக்கினால், கணினி விரைவாக இருப்பதும் குற்றமாகலாம் என்பது விளங்கும். எனினும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக உருவானது. அச்சிடும் வசதி அதன் மூல வடிவில் இல்லை. சம்பளத் துண்டு அச்சிடாத செக்ரோல் நிரலால் தோட்ட அலுவலகத்துக்குப் பயன் குறைவாதலால், அவ்வசதி சேர்க்கப்பட்ட டாஸ்பாக்ஸ்-எக்ஸ் இங்கு மேலானது.

மற்றொரு வழியான மெய்நிகர் இயந்திரம், முழுக் கணினியொன்றை மென்பொருளாக அமைத்து, அதில் பழைய இயங்குதளத்தையே நிறுவ இடந்தருவது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளமாதலால் அதை இணையத்தோடு இணைக்கலாகாது.

டிபேஸ், ஃபாக்ஸ்புரோ போன்ற பழைய தரவுத்தள மென்பொருள்களின் கோப்புகளை இன்றைய லிப்ரேஆபிஸ் மென்பொருள் நேரடியாகவே திறக்குமாகையால், நிரலை ஓட்டுவதேன் என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் கோப்பில் இருப்பவை பதிவுகளே. அரைப்பேருக்கு எவ்வளவு, மேலதிகக் கொழுந்துக்கு எவ்வளவு என்னும் கணிப்புவிதிகள் நிரலுக்குள் இருப்பவை. ஆகவே, கோப்புகளைப் படியெடுத்துக்கொண்டபின், பதிலாக வரும் புதிய சம்பள மென்பொருளின் விடைகள் பழையதனோடு மாதந்தோறும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்து முடிக்கும்வரை பழைய நிரலும் ஓடவேண்டியிருக்கிறது.